கண்ணடித்தால்தான் மிஷின்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். எழுத்துப் பிழை அதைவிட மோசம். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் மாதிரி. யாரை எங்கே உட்கார வைப்பது என்று இந்த வயதிலும் தெரியவில்லை.

போன வாரப் பத்தியில் என்ன நடந்தது பார்த்தீர்களா? "இந்த வருஷம் எங்கள் மலையில் புளி அமோகம், எந்தத் தெருவில் பார்த்தாலும் புளிதான்" என்று எழுதினேன். அதாவது, எழுதியதாக நினைத்தேன். ளகரம் போகவேண்டிய இடத்தில் லகரம் போய் உட்கார்ந்துவிட்டது. டைப் செய்யும் அம்மாவும் என்மேல் வைத்த நம்பிக்கையில் அப்படியே அடித்துவிட்டார். எந்தத் தெருவில் பார்த்தாலும் புலி! ஆரணியிலிருந்து ஒரு வாசகர், குடும்பத்தோடு மலைக்கு வரப் பேசியிருந்த வேனையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஐயா, தைரியமாக வாருங்கள். எங்கள் ஊர்ப் புளி யாரையும் கடிக்காது. பல் மட்டும் கொஞ்சம் கூசும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுத வெட்கமாக இருந்ததால் நாலு வாரம் வேறு எதையெதையோ எழுதிச் சமாளித்தேன். இனி முடியாது. உள்ளுக்குள் குறுகுறுவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ஊர்த் தண்ணீர் டேங்க் அடியில், பட்டப்பகலில், ஊரே கூடி நிற்கும்போது, ஒரு செல்போன் என் மனைவியைக் கண்ணடிக்கச் சொன்னது. அவள் மாட்டேன் என்றாள். அவள் கண்ணடிக்கவில்லை என்றால் ஊருக்கு மிஷின் வராது.

சிரிக்காதீர்கள். அன்றைக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை... சரி, பொய் வேண்டாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் என் மனைவி வேடியம்மாவும் மட்டும்தான் அப்போது சிரிக்கவில்லை.

மிஷின் என்றால் சாமை உடைக்கிற மிஷின். கீழே இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன் - சாமை என்பது கடுகைவிடக் கொஞ்சம் பெரிய தானியம். மேலே உமி ஒட்டிக்கொண்டு வரவே வராது. உரலில் போட்டுக் குத்தினால் தோள்பட்டை போகும். மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக் கீழே டீசல் மில்லுக்குக் கொண்டு போனால் ஒரு நாள் போகும், பஸ் கூலி போகும், பாதி நொய்யாகவும் போகும். அதனால் உமியோடு விற்றுவிடுவோம். உமியோடு விற்றால் வாங்குகிறவர் சொன்னதுதான் விலை.

இதற்குச் சாமையே போட வேண்டாம் என்று நாலு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கர்நாடகாவுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டது.

இந்த நிலையில்தான் ஒரு அதிகாரியம்மா பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். வெயிலில் ஓடும் மிஷின். டீசல் கிடையாது, புகை கிடையாது. மகளிர் குழுவே நடத்தலாம். அரிசியாக்கி, பை போட்டு, க்யூஆர் அட்டை வைத்து விற்கலாம். பணம் நேராக அவரவர் கணக்குக்குப் போய்விடும். நல்லவர், பொறுமையாகச் சொன்னார். ஆனால் நடுநடுவே "பசுமை வளர்ச்சி, பசுமை வளர்ச்சி" என்றார். குழுத் தலைவி சென்னம்மா எழுந்து நின்றார். என் அண்ணன் மனைவி. ஊரில் மைக் தேவைப்படாத ஒரே ஆள்.

"மேடம், பசும எங்ககிட்ட நெறைய கீது. அந்த வளர்ச்சிய மட்டும் கொண்டாந்து எறக்குங்க."

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். எங்கள் ஊர்ப் பெயருக்கு மிஷின் எழுதப்பட்டது. குழுவில் பன்னிரண்டு பேர். மரம் ஒன்றைக்கூட வெட்டாமல் பாறை மேட்டில் ஷெட் போட்டார்கள். யார் மிஷினை ஓட்டுவது? வேடியம்மாவை அனுப்பி போளூரில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்தவள் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில்!

மிஷின் வருவதற்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. பன்னிரண்டு பேர் வங்கிக் கணக்கிலும் கேஒய்சி புதுப்பிக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மிஷின் பட்டியலில் அடுத்த ஊருக்குப் போய்விடும். கடைசி நாள், மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்று. மாலை ஐந்து மணி.

அன்று மதியம் சரவணன் வந்தார். போளூர்க்காரர். வங்கி சார்பில் பைக்கில் மலையேறி வந்து போகிறவர். முப்பது வயதிருக்கும், இன்னும் கல்யாணம் ஆகவில்லை - இதை ஏன் சொல்கிறேன் என்பது சீக்கிரம் தெரியும். எங்கள் ஊரில் டவர் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர் டேங்க் அடி. ஆகவே அதுதான் எங்கள் வங்கிக் கிளை. கவுன்ட்டர் என்பது கவிழ்த்துப் போட்ட ஒரு பக்கெட்.

விரலை வைத்தால் வேலை முடிந்தது என்றார். பெண்கள் வைத்தார்கள். ரேகை மிஷின் "இல்லை" என்றது.

"அய்யோ அக்கா, ரேகையே காணோமே!"

"எங்க போவும்? காத்தால கூட இங்கதான இருந்துச்சு," என்றாள் வேடியம்மா.

அங்கே இல்லைதான். தை பிறந்தால் எங்கள் பெண்களுக்குப் புளி வேலை. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து... அந்தப் புளிப்பு விரல் தோலைத் தின்றுவிடும். கட்டைவிரல் கூழாங்கல் மாதிரி வழுவழு என்று ஆகிவிடும். இந்த மாதத்தில் எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் திருடலாம், போலீசால் பிடிக்க முடியாது.

சரவணன் விடவில்லை. "தலையில தேச்சிட்டு வைங்க, எண்ணெ ஒட்டனா எடுக்கும்," என்றார். ஒவ்வொருவராகத் தலையில் தேய்த்து, முந்தானையில் துடைத்து, கட்டைவிரல் போனால் ஆள்காட்டி, ஆள்காட்டி போனால் மோதிரவிரல் என்று வைத்துப் பார்த்தார்கள். சென்னம்மா அண்ணிக்கு இடது சுண்டுவிரலில் ஒத்துக்கொண்டது. அதை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு டேங்க்கை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

பதினோரு பேர் முடிந்தது. வேடியம்மாவுக்கு மட்டும் பத்து விரலும் தோற்றது.

ஊரிலேயே வேகமாகப் புளி உடைக்கிறவள் அவள்தான். யார் கை அதிகமாக உழைத்ததோ, அந்தக் கையை மட்டும் மிஷினுக்கு அடையாளம் தெரியவில்லை. இதெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அன்றைக்கு மணி மூன்றரை என்பது மட்டும்தான் தெரிந்தது.

"கவலப்படாதீங்க. மூஞ்சிய வெச்சும் பண்ணலாம்," என்றார் சரவணன். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "அக்கா, இந்த வட்டத்துக்குள்ள மூஞ்சி வரட்டும். ஆங்... அப்டியே. இப்ப ஒரு தபா கண்ண அடிங்க."

வேடியம்மா வட்டத்திலிருந்து முகத்தை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தாள்.

"இன்னாது?" என்றாள் வேடியம்மா.

"கண்ண அடிக்கணும்க்கா. என்னப் பாத்து இல்ல... போனப் பாத்து அடிச்சா போதும்."

பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி குரல் எழும்பிவிட்டது.

"இன்னாப்பா, கேஒய்சிக்கு வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

அவ்வளவுதான். பதினோரு பெண்களும் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த மைனாக்கள் எழுந்து பறந்தன. ஒருத்தி பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, பக்கெட் நசுங்கியது. சரவணன் காது பழுத்த மிளகாய் நிறத்துக்குப் போனது.

"அய்யோ, அப்டி இல்லீங்க! சிமிட்டணும். மூடித் தொறக்கணும். போட்டோவ காட்டி யாரும் ஏமாத்திடக் கூடாதுல்ல? நீங்க உயிரோட கீறீங்களான்னு போன் பாக்குது."

"இவ்ளோ நேரம் உங்கிட்ட பேசினு கீறேனே... உயிர் இல்லாமயா?" என்றாள் வேடியம்மா.

ஞாயமான கேள்வி. ஆனால் போனுக்குக் காது இல்லை.

மறுபடி வட்டம். மறுபடி முகம். இப்போது அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். செய்யத்தான் முடியவில்லை. யோசித்துப் பாருங்கள் - ரேஷன் கார்டு போட்டோ, ஓட்டுப் போடுகிற கார்டு போட்டோ, ஆதார் போட்டோ... இத்தனை வருஷமாக ஒவ்வொரு கேமராக்காரரும் எங்களிடம் சொன்னது ஒன்றுதான். "ஆடாதம்மா, கண்ண மூடாதம்மா!" மூடியவர்களைத் திட்டி மறுபடி வரிசையில் நிற்க வைத்தார்கள். கேமராவைப் பார்த்ததும் கண்ணைத் திறந்தபடி விறைப்பாக நிற்பது எங்கள் ஊருக்கே உடம்பில் ஊறிவிட்டது. இப்போது திடீரென்று சிமிட்டு என்றால்?

வேடியம்மா போனைப் பார்த்தாள். கண் இரண்டும் அகலமாகத் திறந்திருந்தன. மூச்சுகூட விடவில்லை. "நேரம் முடிந்தது" என்றது போன்.

இன்னொரு தடவை. நேரம் முடிந்தது. மூன்று, நான்கு, ஐந்து...

ஆளுக்கு ஒரு யோசனை வந்தது. "மொளவாத்தூள் கொண்டாரட்டா?" என்றாள் ஒருத்தி. "சாம உமிய ஊதுங்கடி," என்றாள் இன்னொருத்தி. அண்ணி அவள் காதருகே போய்ப் படாரென்று கை தட்டினார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் கண்ணைச் சிமிட்டினோம். சரவணன் சிமிட்டினார். கட்டியிருந்த ஆடு சிமிட்டியது. வேடியம்மா சிமிட்டவில்லை.

மணி நாலே முக்கால். சிரிப்பு மெல்ல அடங்கியது. சரவணன் போனில் பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. பாறை மேட்டில் ஷெட் காலியாக நிற்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளைக் கொன்றது.

"என்னாலதான் போச்சுன்னு ஆயிடும்," என்றாள், யாரிடம் என்று இல்லாமல். பயத்தில் கண் இன்னும் பெரிதாகத் திறந்தது.

நான் அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? எங்கே இருப்பேன்? எந்த விசேஷத்திலும் நான் எங்கே இருப்பேனோ அங்கேதான் - தூணுக்குப் பின்னால். எனக்கு நாலு பேர் முன்னால் நிற்க வராது. சந்தையில் தேன் விற்கும்போது வாங்குகிறவரிடம் விலை சொல்லக்கூட நா எழாது. க்யூஆர் அட்டை வந்தபின்தான் பிழைத்தேன். விலை எழுதிய அட்டையைக் காட்டுவேன், பணம் வந்ததைப் பெட்டியே சொல்லிவிடும். இந்த டிஜிட்டல் எல்லாம் யாருக்காக வந்ததோ தெரியாது, என்னைப் போன்ற கூச்சக்காரனுக்காகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கொழுந்தனாரே!" என்றார் அண்ணி. "அந்தத் தூணு உங்கள மறைக்கல. தொப்ப வெளிய தெரியுது. வாங்க இப்டி."

போனேன். கால் தானாகப் போனது.

"பொண்டாட்டிய கண்ணடிக்க வைங்க. வூட்ல எப்டி பண்ணுவீங்களோ அப்டிப் பண்ணுங்க."

வாசகர்களே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம். ஒரு தடவைகூட நான் என் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தது கிடையாது. கல்யாணத்தன்றுகூட தாலியைப் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டேன். அவளைப் பார்க்கவில்லை.

சரவணன் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் போனைப் பார்த்தபடியே இருந்தாள். கண் ஓரத்தில் தண்ணீர் கட்டியிருந்தது, ஆனால் விழவில்லை. எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது...

கண்ணடித்தேன்.

அதாவது, ஒரு கண்ணைத்தான் மூட நினைத்தேன். இரண்டும் சேர்ந்து வந்தன. கூடவே வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. காது வேறு அசைந்ததாம். மூக்கில் ஈ உட்கார்ந்த மாடு மாதிரி இருந்தது என்று பிறகு அண்ணி சொன்னார்.

வேடியம்மா பார்த்துவிட்டாள். முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு "அய்யய்யோ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். "முகம் வட்டத்துக்குள் இல்லை" என்றது போன். கிடைத்த வாய்ப்பும் போச்சு!

"அக்கா, அக்கா, நிமிருங்க! மூணு பர்சன்ட்தான் கீது!" என்று கத்தினார் சரவணன்.

நிமிர்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போனைப் பார்க்கவில்லை. போனுக்கு மேலே, நேராக என்னைப் பார்த்தாள். பார்த்து - ஒரு கண்ணடித்தாள். ஒற்றைக் கண். இடது. சுத்தமாக, வாய் கோணாமல், மின்னல் மாதிரி.

ஊரே பார்க்க இப்படிச் செய்துவிட்டோமே என்று அடுத்த நொடியே அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. அந்த வெட்கத்தில் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்தாள்.

போனுக்கு அது போதும். டிங்.

"வந்துடுச்சு! பச்ச டிக் வந்துடுச்சுக்கா!" என்று சரவணன் குதித்தார். அண்ணி அவர் கன்னத்தைக் கிள்ளி, "உனக்குப் பொண்ணு நான் பாக்கறேன்டா ராஜா," என்றார். மணி ஐந்தாக இன்னும் நாலு நிமிஷம். போன் அணைந்தது.

பங்குனி பிறந்ததும் மிஷின் வந்தது. மலைப்பாதை வளைவுகளில் வேன் ஏறி வந்த சத்தத்தைக் கேட்டே ஊர் ஓடியது. கூரைமேல் சோலார் பலகை, கீழே மிஷின். வேடியம்மா சுவிட்சைப் போட்டாள். புகை இல்லை. ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம், வண்டு மாதிரி. உமி ஒரு பக்கம் போக, இன்னொரு பக்கம் அரிசி வெள்ளையாக விழுந்தது. பெண்கள் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒரு மேகம் வந்தது. மிஷின் நின்றது. "பாத்தீங்களா, இதுக்கும் டீ டைம் கீது," என்றார் அண்ணி. எல்லோரும் உட்கார்ந்து டீ குடித்தோம். மேகம் போனதும் மிஷினும் எழுந்தது. கர்நாடகா போன ஒரு குடும்பம், வருகிற ஆடிக்குச் சாமை விதைக்க வருவதாகப் போன் செய்திருக்கிறது.

சந்தோஷம்தான். தலைகால் புரியாத சந்தோஷம். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். வேடியம்மா எதிரே நின்று அசடு வழிய நான் ஒருவன் இருந்தேன். விரலும் தேய்ந்து, கண்ணில் புரையும் விழுந்து, தனியாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு? அவளை யார் சிமிட்ட வைப்பார்கள்? இந்தப் போன் சோதனையைக் கொண்டுவருகிறவர்களே, கொண்டுவாருங்கள். அதன் பக்கத்தில் "இவளை எனக்குத் தெரியும், உயிரோடுதான் இருக்கிறாள்" என்று சொல்ல ஒரு மனுஷருக்கும் இடம் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். எழுது என்றாள்.

மிஷின் வந்த அன்று சாயங்காலம். அடுப்படியில் புதுச் சாமைச் சோறு. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாய்யா மூஞ்சி அது, அன்னிக்கு? வலிப்பு வந்துடுச்சோன்னு பயந்துட்டேன்," என்றாள்.

"கண்ணடிச்சேன்."

"அதுக்குப் பேரு கண்ணடிக்கறதா?"

எனக்கும் ரோஷம் வந்தது. "நீ மட்டும் அவ்ளோ சுத்தமா அடிச்சியே... எங்க கத்துகின?"

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "இருவத்திநாலு வருசமா அடிச்சிக்கினுதான்யா கீறேன். நீதான் தலையக் குனிஞ்சிக்கினே கீற."

எழுதி முடித்துவிட்டேன். இனி தலையை நிமிர்த்தப் போகிறேன்.

பங்குனி 15, ஞாயிற்றுக்கிழமை.